பயணத்துக்கு ஒரே ஒரு ஜூம் லென்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் சுற்றக் கிளம்பும்போது கேமராவில் ஒரே ஒரு ஜூம் லென்ஸை மாட்டிக்கொண்டு, மற்றதையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டுப் போக நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கேமரா உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் நம் ஊர்ப்பக்கத்து இடங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ் என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறதா?

கோபுரம், கடைத்தெரு, கூட வந்த குடும்பம், மலைக்காட்சி, வாழையிலைச் சாப்பாடு. இவ்வளவையும் எடுக்கும் லென்ஸ் இருக்கிறது. அதே லென்ஸ் தூரத்துப் பறவையையும், மேடை இருட்டில் நாட்டியத்தையும், நட்சத்திரங்களையும் எடுக்க வேண்டும் என்றால் இல்லை. பயணத்தில் முதல் பட்டியல்தான் பத்தில் ஒன்பது பங்கு என்பதால், ஒரே லென்ஸோடு போவது நியாயமான முடிவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. லென்ஸ் மாற்றப் பயணம் நேரம் தராது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஊட்டி மலை ரயிலில் ஏறும்போது நீராவி எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். வளைவு வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால், மொத்த ரயிலும் அதன் வாலில் புகைவிடும் எஞ்சினும் தெரியும். சில விநாடிதான். அடுத்தது சுரங்கமோ மரக்கூட்டமோ வந்து மறைத்துவிடும். அந்த நேரத்தில் பையைத் துழாவிக்கொண்டிருந்தால் புகை வாசனை மட்டும்தான் மிச்சம்.

கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸே போதாதா?

நிறையப் பேருக்குப் போதும். போதுமா போதாதா என்பதை உங்கள் பழைய படங்களே சொல்லிவிடும். எந்த ஃபோகல் லென்த்தில் (18-55 மாதிரி லென்ஸில் போட்டிருக்கும் மி.மீ. எண்) எடுத்தது என்பது ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிவாகியிருக்கிறது. கணினியில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து விவரங்களைத் திறந்தால் தெரியும். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருள் வைத்திருப்பவர்கள் எல்லாப் படங்களையும் ஃபோகல் லென்த் வாரியாகவே பிரித்துப் பார்க்கலாம்.

கடைசியாகப் போன இரண்டு மூன்று பயணங்களின் படங்களில், உங்களுக்குப் பிடித்தவற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் 18இல் குவிந்திருந்தால் உங்களுக்கு இடம் போதவில்லை, இன்னும் அகலம் வேண்டும். 55இல் முட்டிக்கொண்டு நின்றால் நீளம் வேண்டும். இரண்டு பக்கமும் முட்டவில்லை, ஆனால் சாயங்காலத்துக்குப் பிறகு எடுத்ததெல்லாம் புள்ளி புள்ளியாகவோ கலங்கலாகவோ இருக்கிறது என்றால், உங்களுக்கு வேண்டியது அகலமும் அல்ல, நீளமும் அல்ல, வெளிச்சம். இந்த மூன்றுக்கும் மூன்று வேறு லென்ஸ். இதைப் பார்க்காமல் கடைக்குப் போகிறவர் பெரும்பாலும் 18-300 வாங்கிக்கொண்டு திரும்புவார். பெரிய எண்ணுக்கு அப்படி ஒரு கவர்ச்சி.

18-300, 24-105, 16-80… எது எதற்குச் சமம்?

எண் சிறியதாக இருந்தால் அகலமான காட்சி, பெரியதாக இருந்தால் தூரத்தைக் கிட்டே இழுக்கும். ஆனால் ஒரே எண் எல்லாக் கேமராவிலும் ஒரே காட்சியைத் தராது. கேமராவின் சென்சார் அளவைப் பொறுத்து அது மாறும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் எண் அப்படியே. சோனி, நிக்கான், ஃபியூஜி நிறுவனங்களின் ஏபிஎஸ்-சி (அதைவிடச் சிறிய சென்சார்) கேமராக்களில் 1.5ஆல் பெருக்குங்கள். கேனான் ஏபிஎஸ்-சியில் 1.6. இன்னும் சிறிய சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2. ஆக, ஃபியூஜியில் 16-80 என்பது ஃபுல் ஃபிரேமில் 24-120 மாதிரி. ஒலிம்பஸின் 12-100 என்பது 24-200 மாதிரி.

ஒப்பிடும்போது இரண்டு லென்ஸையும் ஃபுல் ஃபிரேம் கணக்குக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் தலை சுற்றும்.

16க்கும் 18க்கும் இரண்டு மி.மீ.தானே வித்தியாசம்? அதற்கு ஏன் இவ்வளவு அலட்டல்?

நீளப் பக்கத்தில் 198க்கும் 200க்கும் வித்தியாசமே தெரியாது. அகலப் பக்கத்தில் இரண்டு மி.மீ. நன்றாகவே உறைக்கும்.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். விமானத்தின் உயரம் சுமார் 66 மீட்டர், அதாவது 216 அடி. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் விமானம் பின்னால் சரிந்து விழுகிற மாதிரி படம் வரும். சாய்க்காமல் நேராக, செங்குத்துச் சட்டத்தில் பிடித்து முழு விமானத்தையும் அடக்கப் பார்க்கிறோம். ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24 மி.மீ. கிடைக்கும் லென்ஸ் என்றால் சுமார் 86 மீட்டர் தள்ளி நின்றால் போதும். 18ஐ 1.5ஆல் பெருக்கினால் வருவது 27, அதற்கு 97 மீட்டர். கேனான் ஏபிஎஸ்-சியில் அதே 18 என்பது கிட்டத்தட்ட 29, அதற்கு 103 மீட்டர். பின்னால் நகர நகர நந்தி மண்டபம், மரம், கயிற்றுத் தடுப்பு, செல்ஃபி எடுக்கும் கூட்டம் என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வரும். பெரிய கோயிலில் பின்னால் போகவாவது முற்றம் இருக்கிறது. நான்கு பக்கமும் கடைகள் நெருக்கும் ரதவீதியில் நின்று ராஜகோபுரத்தைப் பார்த்தால், முதுகுப்பக்கம் சுவர்தான்.

தூரம் போதாவிட்டால் எடுத்த படத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். இன்றைய 24 மெகாபிக்சல் சென்சார்கள் அதைத் தாங்கும். அகலம் போதாவிட்டால் வெட்டி ஒட்டப் படத்தில் ஒன்றும் இருக்காது. அதனால் லென்ஸ் பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது சிறிய எண்ணை. பயண லென்ஸ் ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24இல் தொடங்கினால் நல்லது. 28இல் தொடங்கினால், என்ன இழக்கிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அப்படியானால் நீளம் எவ்வளவு இருந்தால் போதும்?

ஃபுல் ஃபிரேம் கணக்கில் 105 முதல் 120 வரை இருந்தால் பெரும்பாலான பயணம் நடந்துவிடும். 200 இருந்தால் சொகுசு. அதற்கு மேல் எதற்கு என்று உங்களால் பெயர் சொல்ல முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பாறைச் சிற்பம் கிட்டத்தட்ட 30 மீட்டர் அகலம். எதிரே 20 மீட்டர் தள்ளி நின்றால் 24 மி.மீ.யில் முழுப் பாறையும் சட்டத்துக்குள் வந்துவிடும். நின்ற இடத்திலிருந்தே, வலது பக்கம் யானைகளின் காலடியில் பாருங்கள். ஒரு பூனை முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி நின்று தவம் செய்யும், அதைச் சுற்றி எலிகள். மேலே தவசி ஒற்றைக்காலில் நிற்பதைக் கிண்டல் செய்கிற மாதிரி ஒரு சிற்பம். கிட் லென்ஸின் 55இல், அதே 20 மீட்டரிலிருந்து, எட்டரை மீட்டருக்கு மேல் அகலமான காட்சி கிடைக்கும். பூனை அதில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். ஃபுல் ஃபிரேம் கணக்கில் 200இல் காட்சியின் அகலம் மூன்றரை மீட்டர் சொச்சமாகச் சுருங்கும், பூனைக்கு மரியாதை கிடைக்கும். முழுப் பாறையையும் பூனையையும் அடுத்தடுத்த நிமிடத்தில் எடுக்க முடிகிறதே, பயண ஜூமின் பலன் இதுதான்.

மூணாறு பக்கத்து எரவிகுளத்தில் வரையாடுகள் பாதையோரத்துக்கே வந்து மேயும், அதற்கும் 200 தாராளம்.

வேடந்தாங்கல் போகிறேன். 18-300 வாங்கினால் பறவை எடுக்கலாமா?

பறவைகள் நிறைந்த மரத்தை எடுக்கலாம். தனிப் பறவையை எடுப்பது கஷ்டம். ஏபிஎஸ்-சியில் 300 என்பது 450க்குச் சமம். 60 மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் நத்தைகுத்தி நாரை, அந்தச் சட்டத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்குதான் வரும். பறவைக்காகவே போகிறவர்கள் 100-400, 150-600 வகையை வாடகைக்கு எடுப்பது நல்லது. வருடத்துக்கு ஒரு முறை போகும் வேடந்தாங்கலுக்காக, வருடம் முழுவதும் எஃப் 6.3 லென்ஸைச் சுமக்க வேண்டாம்.

எஃப் 3.5-6.3 என்று போட்டிருக்கிறார்களே, அது என்ன?

அகலப் பக்கத்தில் லென்ஸ் அதிகபட்சம் 3.5 வரை திறக்கும், நீளப் பக்கத்தில் 6.3 வரைதான். நடுவில் ஜூம் செய்யச் செய்ய மெல்ல மூடிக்கொண்டே போகும். பல சூப்பர்ஜூம்கள் (18-300 மாதிரி மிக நீண்ட ஜூம்கள்) முழு நீளத்தை எட்டுவதற்கு வெகு முன்பே 5.6ஐத் தாண்டிவிடும். ஆக 6.3 என்பது கடைசி முனையின் சங்கதி மட்டுமல்ல, பாதி லென்ஸின் சங்கதி.

வெளிச்சக் கணக்கில் எஃப் 2.8 லென்ஸ், எஃப் 6.3 லென்ஸைவிட ஐந்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடிவதற்கு முன் போய்ப் பாருங்கள். தொங்கும் பல்புகளின் வெளிச்சம்தான். வியாபாரி மல்லிகையைக் கை நிறைய அள்ளித் தராசில் கொட்டுவார். அந்தக் கை உறைந்து நிற்க 1/250 ஷட்டராவது வேண்டும். எஃப் 2.8இல் ஐஎஸ்ஓ 3200 கேட்கும் இடத்தில், எஃப் 6.3 லென்ஸ் 16000 கேட்கும். 3200இல் பூ பூவாகத் தெரியும். 16000இல் இதழ்களின் வெள்ளை வெறும் மாவாகிவிடும்.

பகலில் மட்டும் சுற்றுகிறவருக்கு இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. நம் ஊர் மத்தியான வெயிலில் எஃப் 8 வைத்தாலும் வெளிச்சம் மிஞ்சும். ஆனால் அந்த வெயிலில் யார் படம் எடுக்கிறார்கள்? காலை ஏழுக்கு முன்னும் மாலை ஐந்தரைக்குப் பின்னும்தானே நல்ல படங்கள் வருகின்றன.

ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இருட்டைப் பற்றிக் கவலை இல்லையே?

உங்கள் கை ஆட்டத்தை அது அடக்கும். எதிரே இருப்பவரின் ஆட்டத்தை அடக்காது. அசையாத மண்டபம், சிலை, அந்திக் கடற்கரை இவற்றுக்கு ஸ்டெபிலைசேஷன் வரம். 1/10 விநாடியில்கூடக் கையில் பிடித்து எடுக்கலாம். பூ அள்ளும் கைக்கும் ஓடும் குழந்தைக்கும் பெரிய அபெர்ச்சர்தான் வழி.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். லென்ஸ், கேமரா பாடி இரண்டில் ஒன்றிலாவது ஸ்டெபிலைசேஷன் இருக்க வேண்டும். சோனி ஏ6400, நிக்கான் இசட்50, கேனான் ஆர்50 போன்ற பாடிகளில் அது கிடையாது. அவற்றில் ஸ்டெபிலைசேஷன் இல்லாத லென்ஸை மாட்டினால் இரண்டும் கெட்ட நிலைதான். சிக்மாவின் 18-50 எஃப் 2.8 அருமையான குட்டி லென்ஸ், ஆனால் அதில் ஸ்டெபிலைசேஷன் இல்லை. ஏ6400க்கு அதை வாங்குகிறவர் தெரிந்தே வாங்க வேண்டும்.

சூப்பர்ஜூமில் படம் துல்லியமாக இருக்காது என்கிறார்களே?

பழைய நாள் பேச்சு அது, முழுப் பொய்யும் இல்லை. 1992இல் டாம்ரான் ஒரு 28-200 லென்ஸைக் கையடக்கமாகக் கொண்டுவந்தபோது இந்த வகை பரவத் தொடங்கியது. 2005இல் நிக்கானின் 18-200 வந்ததும் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய வகைக் கேமரா) வைத்திருந்தவர்களுக்கு அது ஏறக்குறைய ஒரு மோகமாகவே ஆனது. அந்தத் தலைமுறை லென்ஸ்களில் ஓரங்கள் மங்கலாக இருக்கும், நேர்க்கோடு வளையும், கடைசி முனையில் படம் சவசவ என்றிருக்கும். இப்போதைய மிர்ரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத) கேமராக்களுக்கான சூப்பர்ஜூம்கள் அவற்றைவிட எவ்வளவோ மேல். போனிலும் டிவியிலும் பார்க்க, ஏ4 அளவில் அச்சிட, குறை தெரியாது.

ஆனாலும் விலை கொடுக்காமல் எதுவும் கிடைப்பதில்லை. ஜூம் பெருக்கம் கூடக் கூட, எங்காவது சமரசம் செய்தாக வேண்டும். மூன்று மடங்கு, ஐந்து மடங்கு ஜூம்கள் முனைக்கு முனை சீராக இருக்கும். பத்து மடங்கைத் தாண்டினால் நீள முனைதான் முதலில் தொய்யும். கேனான் ஆர்எஃப் 24-240இன் 24இல், திருத்தாத ராஃபைலை (சென்சார் பதிந்த மூலக் கோப்பு) திறந்தால் மூலைகள் கறுத்தே இருக்கும். கேமராவும் மென்பொருளும் தாமாகவே அதை இழுத்துச் சரிசெய்துவிடுவதால் பயன்படுத்துகிறவருக்குத் தெரிவதில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. லென்ஸைச் சிறியதாக்க இப்போது பல நிறுவனங்களும் எடுக்கும் வழி இது. மூலையிலும் துல்லியம் வேண்டும் என்கிறவர்கள் மட்டும் யோசிக்கட்டும்.

இன்னொன்று. சூப்பர்ஜூமின் நீள முனையில் மங்கலாக வரும் படங்களில் பாதிக்கு லென்ஸ் காரணம் இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு கொடைக்கானல் உச்சியில் நின்று சமவெளியை 300இல் எடுத்தால், நீங்கள் எடுப்பது பல கிலோமீட்டர் சூட்டையும் தூசியையும். எவ்வளவு விலை லென்ஸ் ஆனாலும் அதைத் துளைக்காது. காலை ஆறரைக்கு அதே இடத்தில் எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டலாமா என்று முடிவு செய்யுங்கள்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். என்னிடம் இந்தக் கேமரா இருக்கிறது, எதை வாங்க?

சோனி ஏபிஎஸ்-சி என்றால் சோனியின் 18-135. எடை 325 கிராம், ஸ்டெபிலைசேஷன் உண்டு, வேலை முடிந்தது. இருட்டில் அதிகம் எடுப்பவர் டாம்ரான் 17-70 எஃப் 2.8 பார்க்கலாம். 525 கிராம், ஸ்டெபிலைசேஷனும் உண்டு. என்னைக் கேட்டால் சோனி ஏபிஎஸ்-சிக்கான பயண லென்ஸ் இதுதான், சற்றுக் கனம் என்றாலும். டாம்ரான் 18-300 நல்ல லென்ஸ்தான், ஆனால் 620 கிராம், அந்தச் சின்ன பாடியில் மாட்டினால் முன்பக்கம் கனத்துத் தொங்கும்.

சோனி ஃபுல் ஃபிரேமுக்கு டாம்ரான் 28-200 எஃப் 2.8-5.6. 575 கிராமில் இவ்வளவு வெளிச்சமும் இவ்வளவு நீளமும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். 28இல் தொடங்குவதுதான் அதன் குறை, மேலே சொன்ன கோபுரக் கணக்கை நினைவில் வையுங்கள். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இல்லை, பாடியில் இருக்க வேண்டும். கட்டடங்கள் அதிகம் எடுப்பவருக்கு சோனி 20-70 எஃப் 4 இன்னும் பொருத்தம். 20 மி.மீ. பழகிவிட்டால் 24கூடக் குறுகலாகத் தெரியும்.

ஃபியூஜியில் 16-80 எஃப் 4. 440 கிராம், 24இல் தொடங்கும் காட்சி, ஜூம் முழுக்க ஒரே எஃப் 4.

நிக்கான் இசட் ஃபுல் ஃபிரேமில் 24-120 எஃப் 4, 24-200 இரண்டில் ஒன்று. முதலாவது 630 கிராம், முனைக்கு முனை துல்லியம். இரண்டாவது 570 கிராம், தூரம் கூடுதல், வெளிச்சம் குறைவு. நான் 24-120 பக்கம். 2024இல் வந்த 28-400 இருக்கிறதே என்பீர்கள். 400இல் எஃப் 8 என்பது வெயிலை நம்பிய பிழைப்பு. இசட்50, இசட்30 வைத்திருப்பவர்களுக்கு 18-140, வெறும் 315 கிராம்.

கேனான் ஆர்50, ஆர்10, ஆர்7க்கு ஆர்எஃப்-எஸ் 18-150, அதுவும் 310 கிராம்தான். கேனான் ஃபுல் ஃபிரேமில் பட்ஜெட் குறைவு என்றால் 24-105 எஃப் 4-7.1, தாராளம் என்றால் 24-105 எஃப் 4 எல். கேனான் ஆர்எஃப் மவுண்டுக்கு (மவுண்டு என்பது பாடியில் லென்ஸைப் பொருத்தும் வளையம்) சிக்மாவும் டாம்ரானும் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களோடு வரத் தொடங்கியது 2024இல்தான், அதுவும் ஏபிஎஸ்-சி லென்ஸ்களோடு. அதனால் இங்கே தேர்வு மற்ற மவுண்டுகளைவிடக் குறைவு.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வைத்திருப்பவர்கள் ஒலிம்பஸ் 12-100 எஃப் 4 வாங்கிவிட்டு இந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

பழைய டிஎஸ்எல்ஆர்தான் இருக்கிறது. இப்போது லென்ஸ் வாங்குவது வீணா?

இல்லை. எல்லோரும் மிர்ரர்லெஸுக்கு மாறிக்கொண்டிருப்பதால் டிஎஸ்எல்ஆர் லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கின்றன. நிக்கானுக்கு 18-140 அல்லது 16-80 எஃப் 2.8-4, கேனானுக்கு 18-135 அல்லது 15-85, இரண்டுக்கும் சிக்மா 17-70 எஃப் 2.8-4. நிக்கான் டி3000, டி5000 வரிசைப் பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. அவற்றுக்கு, மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகை லென்ஸ்களைத் தேடுங்கள். பழைய ஏஎஃப்-டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும். ஏஎஃப்-பி என்றால் சில பழைய பாடிகளோடு சேராது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே ஒரு பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாத, ஒரே ஃபோகல் லென்த் லென்ஸ்) எடுத்துப் போகலாமா?

போகலாம், ஒன்றே ஒன்று. பகலுக்கு ஜூம், இருட்டுக்கு 35 எஃப் 1.8 அல்லது 50 எஃப் 1.8. பெரும்பாலும் 200 கிராம் சுற்றுவட்டாரம்தான். சூப்பர்ஜூம் வாங்கியவர்களுக்கு இதை வலியுறுத்தியே சொல்வேன். அறையை விட்டுக் கிளம்பும்போது எதை மாட்டுவது என்று முடிவு செய்துகொண்டால் தெருவில் நின்று மாற்ற வேண்டியிருக்காது.

போனில்தான் அல்ட்ராவைடு இருக்கிறதே?

இருக்கிறது, பயன்படுத்துங்கள். பல போன்களின் 0.5 கேமரா, ஃபுல் ஃபிரேம் கணக்கில் 13, 14 மி.மீ. பக்கம் வரும். பகல் வெளிச்சத்தில் அது 28இல் தொடங்கும் லென்ஸின் குறையை ஓரளவு ஈடுகட்டும். வெளிச்சம் குறைந்த உட்புறத்தில் திணறிவிடும்.

வீடியோவும் எடுப்பேன். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

எடுத்துக்கொண்டே ஜூம் செய்யும் பழக்கம் இருந்தால், எஃப் எண் மாறாத லென்ஸ் நல்லது. மற்றதில் ஜூம் செய்யும்போது காட்சி நடுவில் இருண்டு வெளுக்கும்.

எவ்வளவு எடை வரை தாங்கும்?

கடையில் ஐந்து நிமிடம் கையில் பிடித்துப் பார்த்தால் எல்லா லென்ஸும் இலேசுதான். மத்தியானம் மூன்று மணிக்கு, செருப்பைக் கழற்றிவிட்டு சுடும் கல்தரையில் நடக்கும்போதுதான் கழுத்து பேசத் தொடங்கும். பாடியும் லென்ஸும் சேர்ந்து ஒரு கிலோவுக்குள் இருந்தால் நாள் முழுவதும் தோளில் இருக்கும். ஒன்றேகால் கிலோவைத் தாண்டினால் மத்தியானத்துக்குப் பிறகு பைக்குள் போய்விடும், பைக்குள் இருக்கும் கேமரா படம் எடுக்காது. உள்நாட்டு விமானங்களில் பொதுவாகக் கைப்பைக்கு 7 கிலோதான் வரம்பு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமராவைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.

மழை, கடற்காற்று, பூஞ்சை. இதற்கெல்லாம் என்ன செய்வது?

மூன்றில் மோசமானது பூஞ்சை. மழை ஒரு நாள் தொல்லை, பூஞ்சை லென்ஸுக்குள் குடியேறிவிடும். நம் கடலோர ஊர்களின் ஈரப்பதம் அதற்கு விருந்து. பயணம் முடிந்து வந்ததும் ஈரம் ஏறிய கேமராப் பையிலேயே லென்ஸை வைத்து பீரோவில் பூட்டுவதுதான் எல்லோரும் செய்வது, பூஞ்சை பிடிப்பதும் அங்கேதான். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். வசதி இருந்தால் மின்சார டிரை கேபினட். இதைவிட எளிய வைத்தியம், லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

தனுஷ்கோடி மாதிரி இடத்தில் உப்பும் மணலும் சேர்ந்து அடிக்கும். நீட்டிச் சுருக்கும் ஜூம் குழாயில் மணல் ஒட்டியிருந்தால் துடைக்காமல் உள்ளே இழுக்காதீர்கள். முதலில் புளோயரால் ஊதி, பிறகு துணி. அங்கே லென்ஸைக் கழற்றுவது பற்றி நினைக்கவே வேண்டாம். விளம்பரத்தில் வெதர் சீல் என்று போட்டிருந்தாலும் அது தூறலுக்கான பாதுகாப்பு, அலைக்கு அல்ல.

யூவி ஃபில்டர் கட்டாயமா?

கடற்கரைக்கு ஆம், மற்ற இடத்துக்கு உங்கள் மனசு. கூடவே வரும் ஹூட்டை மாட்டுங்கள், அது வெயிலையும் தடுக்கும், இடித்தால் முதல் அடியையும் வாங்கும். நிறையப் பேர் அதைத் தலைகீழாகவே மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். போலரைசர் என்ற ஃபில்டர் வாங்கினால் தண்ணீரின் பளபளப்பும் இலைகளின் மினுக்கும் அடங்கும். ஆனால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தை அது விழுங்கும், 24இல் வானம் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் வெளுத்துப் போகும்.

கோயில்களில் கேமராவை விடுவார்களா?

போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமராவும் போனும் போகாது. தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. தஞ்சை, தாராசுரம், மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ள இடங்களில் வெளியே கையில் பிடித்து எடுக்கலாம், டிரைபாடுக்குத் தனி அனுமதி வேண்டும். மூலவரைப் படம் எடுக்க எங்கும் முயலாதீர்கள். டிரைபாடு இல்லை என்பதால்தான் ஸ்டெபிலைசேஷனையும் அபெர்ச்சரையும் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

தாராளமாக. இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை, பேரமே பேசாமல் வந்துவிடுங்கள். நான்கைந்து தூசித் துகள் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. ஜூம் வளையத்தை முழுக்கத் திருப்புங்கள், நறநறவென்றால் மணல். கேமராவில் மாட்டித் தரையை நோக்கிப் பிடித்தால் சில ஜூம்கள் தானாகவே நீண்டு இறங்கும். அது தேய்மானம், விலையைக் குறைக்கக் கேளுங்கள். பில் இல்லாத புது லென்ஸை மலிவாகக் கொடுத்தால், இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று முதலில் கேளுங்கள்.

புது லென்ஸ் வாங்கியாயிற்று. ஊருக்குக் கிளம்பும் முன் ஏதாவது சோதிக்க வேண்டுமா?

கடையில் மாற்றித் தரும் அவகாசம் முடிவதற்குள் ஒரு செங்கல் சுவரைத் தேடுங்கள். அதற்கு நேர் எதிரே, சாயாமல், கேமராவை அசையாத இடத்தில் வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து, அகல முனையிலும் நடுவிலும் நீள முனையிலும் ஒவ்வொரு படம். கணினியில் பெரிதாக்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். நான்கும் ஒரே அளவு மங்கல் என்றால் அது அந்த லென்ஸின் குணம், விட்டுவிடுங்கள். மூன்று தெளிவாக இருந்து ஒன்று மட்டும் குழம்பியிருந்தால், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு படம் எடுங்கள். குழப்பம் எதிர் மூலைக்குப் போகாமல் படத்தின் அதே மூலையிலேயே வந்தால், உள்ளே ஒரு கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருக்கிறது. பில்லையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.